வயதான பெற்றோர் குற்றத்துக்கு ஆளானால்: அமெரிக்க இழப்பீட்டு வாரியங்களும் முதியோர் சட்டமும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குற்றத்தால் காயப்பட்டவருக்கு மாநில அரசே செலவை ஈடுகட்டும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. நம் வீடுகளில் இது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் "வேலைக்குப் போகிறவர்களுக்குத்தானே அதெல்லாம், அம்மாவுக்கு என்ன கிடைக்கப் போகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். முதியோர் வழக்குகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்த இழப்பீட்டை முடிவு செய்யும் வாரியம் என்பது கோர்ட்டா?

இல்லை. குற்றவாளிக்குத் தண்டனை கொடுப்பது இதன் வேலையே இல்லை. பாதிக்கப்பட்டவரின் செலவுகளில் எதற்குப் பணம் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் நிர்வாக அமைப்பு இது. குற்றவாளி பிடிபட வேண்டும், வழக்கு நடக்க வேண்டும், தீர்ப்பு வர வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. குற்றம் நடந்திருக்கிறது என்று நம்பத் தகுந்த ஆதாரம் இருந்தால் போதும்.

1965இல் கலிஃபோர்னியாதான் முதலில் ஆரம்பித்தது. அடுத்த வருடம் நியூயார்க். இன்று 50 மாநிலங்களிலும், வாஷிங்டன் டி.சி.யிலும், போர்ட்டோ ரிக்கோ போன்ற பகுதிகளிலும் இருக்கிறது. பெயர் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. கலிஃபோர்னியாவில் வாரியம் என்றே பெயர். நியூயார்க்கில் வாரியமாக இருந்தது 2010இல் பாதிக்கப்பட்டோர் சேவை அலுவலகம் ஆனது. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் மாநில அட்டர்னி ஜெனரலின் கீழ் வருகிறது. கொலராடோவில் ஒவ்வொரு நீதி மாவட்டத்துக்கும் தனி வாரியம். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறைய பேர். உங்கள் மாநிலத்தின் பெயரோடு "க்ரைம் விக்டிம் காம்பென்சேஷன்" என்று தேடினால் சரியான இடம் வந்துவிடும்.

பணம் யாருடையது? அரசாங்கத்திடம் கையேந்துகிற மாதிரி இருக்கிறதே என்கிறார் அப்பா.

இந்தக் கூச்சம் எனக்குப் பழக்கமானது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: மாநிலங்கள் கொடுக்கும் இழப்பீட்டுக்கு மத்திய அரசின் ஒரு நிதி பக்கபலமாக இருக்கிறது. 1984இல் வந்த "வோக்கா" என்ற சட்டம், அதாவது குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மத்தியச் சட்டம், உருவாக்கிய நிதி அது. மத்திய குற்ற வழக்குகளில் குற்றவாளிகள் கட்டும் அபராதம், பறிமுதலான ஜாமீன் தொகை போன்றவைதான் அதில் சேர்கின்றன. மக்களின் வரிப்பணம் அதில் இல்லை. மாநிலம் கொடுக்கும் இழப்பீட்டில் 75 சதவீதம் அளவுக்கு மத்திய மானியமாகக் கிடைக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கு முன் 60 சதவீதம்.

முதியோர் சட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. மெடிகேர் (முதியவர்களுக்கான மத்திய மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி), எஸ்.எஸ்.ஐ. (வருமானமும் சொத்தும் குறைந்த முதியவர்கள் போன்றோருக்கு மாதாமாதம் வரும் மத்திய உதவித்தொகை), பவர் பத்திரம், கார்டியன் நியமனம், நர்சிங் ஹோம் உரிமைகள், முதியோர் கொடுமை இவையெல்லாம் சேர்ந்ததைத்தான் இங்கே முதியோர் சட்டம் என்கிறார்கள். அதை மட்டுமே பார்க்கும் வக்கீல்களுக்கு 1987 முதல் தேசிய அளவில் சங்கம்கூட இருக்கிறது.

இழப்பீட்டுத் திட்டங்களின் விண்ணப்பத்தைப் பார்த்தால், வேலைக்குப் போகும் ஒருவரை நினைத்து எழுதியது என்று உடனே தெரியும். "முதலாளியின் பெயர்", "இழந்த சம்பளம்" என்று அரைப் பக்கம் போகும். 80 வயது அம்மாவின் விண்ணப்பத்தில் அந்த அரைப் பக்கம் முழுவதும் கோடு போட்டு அடிக்க வேண்டியிருக்கும். அவருக்கு உண்மையிலேயே நேர்ந்த இழப்பை எழுத கட்டமே இருக்காது. ஃபைலைப் பார்க்கும் அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கிச் சூடும் அடிதடியும் அவருக்குத் தெரியும். மெடிகேர் எதற்குக் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் வந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் முதியவர்களின் விண்ணப்பங்கள் விழுந்து போகின்றன.

அம்மாவுக்கு மெடிகேர் இருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லை அதுவே கட்டிவிட்டது. அப்புறம் எதற்கு வாரியம்?

அதிகம் பேர் தவறவிடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெடிகேரோ மெடிகெய்டோ கொடுக்க வேண்டிய செலவை வாரியம் கொடுக்காது. மத்தியச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது: மத்தியத் திட்டம் முதலில் கொடுக்க வேண்டும், வாரியம் இருக்கிறது என்று காரணம் காட்டி அது ஒதுங்கவும் கூடாது. சரி, மெடிகேர் எதையெல்லாம் கொடுக்காது? வழக்கமான மெடிகேரில் பல்செட் வராது, காது மெஷின் வராது, சாதாரண மூக்குக்கண்ணாடியும் வராது. வயதானவரைத் தள்ளிவிட்டால் முதலில் உடைவது என்ன? அதே மூன்றும்தான்.

ஒரு விண்ணப்பம் இன்னும் நினைவில் இருக்கிறது. கைப்பையைப் பறிக்கும்போது கீழே விழுந்த ஓர் அம்மா. எமர்ஜென்சி, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் மெடிகேர் கொடுத்துவிட்டது. கீழ்ப்பல்செட் மட்டும் சரியாக நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. அதை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மூன்று வாரமாகக் கஞ்சியும் ரசம் சாதமும்தான் சாப்பாடு என்றார் மகள். அவர் ஏற்கெனவே தானாக விண்ணப்பம் போட்டிருந்தார். பல்செட்டை "சேதமான பொருட்கள்" என்று எழுதியிருந்தார். பொருள் இழப்புக்கு ஈடு இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்திருந்தது.

வோக்கா சட்டத்தின் வரையறைப் பகுதியில், மூக்குக்கண்ணாடி, பல் சம்பந்தப்பட்ட சாதனங்கள், செயற்கை உறுப்புகள் இவற்றுக்கு ஆகும் செலவு மருத்துவச் செலவில் சேரலாம் என்று இருக்கிறது. இவற்றுக்கு ஏற்படும் சேதம் "பொருள் சேதம்" ஆகாது என்றும் தனியாகச் சொல்லியிருக்கிறது. அந்த வரிகளை நகலெடுத்து, "விழுந்ததால் உடைந்தது, புதிதாகச் செய்ய வேண்டும்" என்று பல் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதே செலவை மருத்துவச் செலவு என்ற தலைப்பின் கீழ் எழுதித் திரும்ப அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். கட்டம் மாறியது, முடிவும் மாறியது.

ஆகவே, மெடிகேர் அனுப்பும் செலவுச் சுருக்கத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் "நீங்கள் கட்ட வேண்டியது" என்று வரும் தொகையும், மெடிகேர் மறுத்த செலவுகளும்தான் உங்கள் க்ளெய்மின் முதுகெலும்பு.

அப்பா ரிடையர் ஆனவர். சம்பள இழப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பொருந்தாது என்று எழுதிவிடுங்கள். ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் வேலைக்கு லீவு போட்டிருந்தால், உங்கள் மாநிலம் அதை ஏற்குமா என்று கேளுங்கள். மனநல ஆலோசனைக்கான கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். "எனக்கென்ன பைத்தியமா" என்பார். தாக்குதலுக்குப் பிறகு ராத்திரி தூக்கம் இல்லாமல், வாசல் கதவை நாலு தடவை சரிபார்க்கிற மனிதருக்கு அந்த உதவி வேண்டும்.

போனில் ஏமாற்றி அம்மாவின் சேமிப்பைப் பறித்துவிட்டார்கள். வாரியம் கொடுக்குமா?

பெரும்பாலும் கொடுக்காது. இதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. உடலில் காயம் ஏற்படுத்தும் குற்றங்களை மையமாக வைத்துக் கட்டிய திட்டங்கள் இவை. ஆனால் முதியவர்களை இன்று அதிகம் வேட்டையாடுவது மோசடிதான். 2023இல் மட்டும் 60 வயதைத் தாண்டியவர்களிடமிருந்து எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவுக்கு 1,01,000க்கும் அதிகமான புகார்கள் வந்தன. அவர்கள் இழந்ததாகச் சொன்ன தொகை சுமார் 340 கோடி டாலர். வீட்டில் சொல்லவே வெட்கப்பட்டு வாய்மூடி இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

சில மாநிலங்கள் முதியவர்களுக்கென்று ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. ஃப்ளோரிடாவில் 60 வயதானவர், குற்றத்தால் ஒரு பொருளை இழந்து, அதனால் அன்றாட வாழ்க்கைத் தரம் கணிசமாகக் குறைந்தது என்று காட்டினால், ஒரு க்ளெய்முக்கு 500 டாலர் வரை, வாழ்நாள் முழுவதற்கும் 1,000 டாலர் வரை கிடைக்கும். காயம் இல்லாவிட்டாலும் முதியவரின் அத்தியாவசியப் பொருட்களுக்கு ஈடு கொடுக்கும் விதி நியூயார்க்கில் இருக்கிறது. அங்கேயும் 60 வயதுதான் கணக்கு. பென்சில்வேனியாவில் சோஷியல் செக்யூரிட்டி (மத்திய அரசு தரும் ஓய்வூதியம்), பென்ஷன் போன்ற நிலையான வருமானத்தை நம்பி வாழ்பவரின் பணம் திருடுபோனால் ஓரளவு ஈடு உண்டு. ஐம்பதாயிரம் டாலர் இழந்தவருக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் விடாதீர்கள்.

பெரிய தொகைக்கு வழி வேறு. வங்கிக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். பணப் பரிமாற்றத்தை நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். எஃப்.பி.ஐ.யின் இணையதளத்தில் புகார் பதியுங்கள். மத்திய அரசின் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் முதியோர் மோசடிக்கென்றே ஒரு உதவி எண் நடத்துகிறது: 833-372-8311. குற்றவாளி சிக்கினால், அவர் உங்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று கோர்ட் உத்தரவிடும் ஈட்டுத்தொகைதான் உண்மையான நம்பிக்கை. அதற்கு உங்கள் புகார் பதிவில் இருக்க வேண்டும்.

அடித்தது வெளியாள் இல்லை. என் அண்ணன். அம்மா அவனோடுதான் இருக்கிறார்.

முதலில் அம்மா பாதுகாப்பாக இருக்கிறாரா என்று பாருங்கள். இப்போதே ஆபத்து என்றால் 911. மற்றபடி உங்கள் பகுதியின் முதியோர் பாதுகாப்புத் துறை, ஏ.பி.எஸ். என்பார்கள், அங்கே சொல்லலாம். யார் சொன்னது என்பதை அவர்கள் வெளியே விடமாட்டார்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, ஒரே குடும்பம், ஒரே வீடு என்ற காரணத்துக்காக மட்டும் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று வோக்கா சட்டம் சொல்கிறது. ஒரே ஒரு விலக்கு: அந்தப் பணம் சுற்றிவளைத்துக் குற்றவாளியின் கைக்கே போய்ச் சேராமல் தடுக்கும் விதிகளைத் திட்டம் வைத்துக்கொள்ளலாம். அம்மாவின் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் அண்ணன் கையில் இருந்தால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அம்மா பெயரில் மட்டும் புதிதாக ஒரு கணக்கைத் திறந்து, அதன் விவரத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுங்கள். செலவை ஆஸ்பத்திரிக்கோ டாக்டருக்கோ நேரடியாகக் கட்டும்படியும் கேட்கலாம்.

"பெற்ற பிள்ளையைப் போலீசில் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்கிறார் அம்மா.

எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

பல மாநிலங்களில் போலீஸ் புகாரும் விசாரணைக்கு ஒத்துழைப்பும் நிபந்தனையாக இருந்து வந்திருக்கின்றன. 72 மணி நேரத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கெடுவும் பல இடங்களில் உண்டு. தகுந்த காரணம் இருந்தால் இந்தக் கெடுவைத் தளர்த்துவார்கள். ஒத்துழைப்பு விஷயத்தில் 2021 திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. பாதிக்கப்பட்டவரின் வயது, உடல்நிலை, மனநிலை, பண்பாடு அல்லது மொழித் தடை, பாதுகாப்பு பற்றிய அச்சம் இவற்றைக் கருதி அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு தர இடம் கொடுத்தது. வயது என்ற சொல் அந்த வரியில் வெளிப்படையாகவே இருக்கிறது. நான் எழுதும் கடிதங்களில் இந்த ஐந்து காரணங்களில் எவை பொருந்தும் என்று ஒவ்வொன்றாக, உதாரணத்தோடு எழுதுவேன். "அம்மா பயப்படுகிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. "மருந்து வாங்கிக் கொடுப்பதும் டாக்டரிடம் கூட்டிப் போவதும் அதே மகன்தான், அவன் ஜெயிலுக்குப் போனால் தனக்கு யாரும் இல்லை என்று நினைக்கிறார்" என்று எழுதினால் படிப்பவருக்கு நிலைமை புரியும்.

போலீஸ் ரிப்போர்ட் இல்லாதபோது ஏ.பி.எஸ். அறிக்கையையோ மருத்துவப் பதிவையோ ஆதாரமாக ஏற்கும் மாநிலங்களும் உண்டு.

இழப்பீட்டுப் பணம் வந்தால் எஸ்.எஸ்.ஐ.யும் மெடிகெய்டும் நின்றுவிடுமா?

இந்தப் பயத்தில் விண்ணப்பமே போடாதவர்கள் இருக்கிறார்கள். பயத்துக்குக் காரணமும் உண்டு. தனியாக இருப்பவரிடம் கணக்கில் எடுக்கும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருந்தால் எஸ்.எஸ்.ஐ. கிடையாது. 1989 முதல் அந்த எண் மாறவே இல்லை.

ஆனால் குற்ற இழப்பீட்டுக்கு விலக்கு இருக்கிறது. மத்திய நிதியில் நடக்கும் உதவித் திட்டங்கள், வோக்காவின் கீழ் வரும் இழப்பீட்டை வருமானமாகவோ சொத்தாகவோ கணக்கில் சேர்க்கக் கூடாது, அதற்காக உதவியைக் குறைக்கவும் கூடாது. எல்லா உதவியும் சேர்ந்து இழப்பு முழுவதும் ஈடாகிவிட்டால் மட்டும் நிலைமை வேறு. எஸ்.எஸ்.ஐ.யின் சொந்த விதியிலும் இந்தப் பணம் வருமானம் ஆகாது, செலவாகாமல் மீதி இருப்பதை 9 மாதம் வரை சொத்தாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தை மற்ற பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். வாரியத்தின் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து "இந்தப் பணம் ஏது?" என்று கேட்டால் அந்த ஒரு தாள் காப்பாற்றும். எஸ்.எஸ்.ஐ. அலுவலகத்துக்கும் நீங்களே எழுதித் தெரிவித்துவிடுங்கள், மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

அம்மாவுக்கு மறதி நோய். யார் கையெழுத்துப் போடுவது?

கோர்ட் நியமித்த கார்டியன் இருந்தால் அவர். பவர் பத்திரம் மட்டும் இருந்தால், க்ளெய்ம் போடும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். பவரை வைத்திருப்பவரே குற்றம் செய்தவராக இருந்தால், அதை ரத்து செய்வதுதான் முதல் வேலை, விண்ணப்பம் அடுத்தது. இன்னொன்று: சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் பவர் பத்திரத்தை ஏற்காது. அங்கே பணத்தைக் கையாள "ரெப்ரசென்டேடிவ் பேயி" என்று அவர்களே ஒருவரை நியமிக்க வேண்டும். பழைய பேயி அண்ணனாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மறதி இருப்பவர் சொல்வதை நம்ப முடியாது என்று ஒதுக்கத் தேவையில்லை. தேதி குழம்பும், நடந்தது குழம்பாமல் இருக்கலாம். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே, அன்றைய தேதி போட்டு எழுதி வையுங்கள். காயத்தைப் போட்டோ எடுங்கள்.

நர்சிங் ஹோமில் நடந்தது. அங்கே யாரிடம் சொல்வது?

ஒவ்வொரு மாநிலத்திலும் நீண்டகாலப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மன் இருக்கிறார், நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் புகார்களைக் கேட்டுத் தீர்க்க உதவுபவர். கட்டணம் இல்லை. போலீசிலும் சொல்லுங்கள். நிர்வாகம் "உள்ளேயே விசாரிக்கிறோம்" என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர் க்ரீன் கார்டிலோ விசிட்டர் விசாவிலோ இருந்தால்?

கலிஃபோர்னியா, நியூயார்க் உட்படப் பல மாநிலங்களில் குடியுரிமை ஒரு தடையில்லை. ஊருக்குத் திரும்பும் முன் விண்ணப்பத்தை முடித்துவிடுங்கள், பில்களின் அசலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பேரப்பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, பாட்டி அடி வாங்கியதை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். இரண்டு பேருக்குமே அது கொடுமை.

எவ்வளவு கிடைக்கும், எப்போதுக்குள் போட வேண்டும்?

கலிஃபோர்னியாவில் உச்சவரம்பு 70,000 டாலர், குற்றம் நடந்து 7 வருடத்துக்குள். டெக்சாஸில் 50,000, பேரிழப்பான காயங்களுக்கு மேலும் 75,000 வரை, 3 வருடத்துக்குள். இவை உச்சவரம்புகள். கையில் இருக்கும் பில்லுக்குத் தகுந்தபடிதான் கொடுப்பார்கள்.

வக்கீல் வைக்க வேண்டுமா?

விண்ணப்பம் போட வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. வைத்தாலும் கலிஃபோர்னியாவில் அவருக்கு வாரியம்தான் கொடுக்கும்: கிடைத்த தொகையில் 10 சதவீதம், அதுவும் 500 டாலருக்கு மேல் போகாது. உங்களிடம் தனியாக வாங்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவரைச் சுரண்டாமல் இருக்க வந்த நல்ல விதிதான். ஆனால் மெடிகெய்ட், பவர், குடும்பச் சண்டை எல்லாம் பின்னிக் கிடக்கும் ஒரு ஃபைலை 500 டாலருக்கு எத்தனை முதியோர் வக்கீல்கள் எடுப்பார்கள்? அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வருவதே குறைவு.

60 வயதானவர்களுக்கு 1965இன் முதிய அமெரிக்கர் சட்டத்தின் கீழ் இலவச சட்ட உதவி உண்டு. 1-800-677-1116 என்ற எண்ணில் கேட்டால் உங்கள் பகுதியில் எங்கே என்று சொல்வார்கள்.

நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

மேல்முறையீடு செய்யுங்கள். கலிஃபோர்னியாவில் கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 45 நாள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் முதியவர்களின் நிராகரிப்புக்குப் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்: தவறான கட்டம், தாமதமான புகார், விளக்கமில்லாத ஒத்துழையாமை. மூன்றுக்கும் மேலே சொன்ன பதில்கள் இருக்கின்றன.

இந்த வாரியங்களில் முதியோர் சட்டம் தெரிந்தவர் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?

எனக்குத் தெரிந்தவரை சட்டப்படி அப்படி ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. கலிஃபோர்னிய வாரியத்தில் மூன்று பேர்: மாநில அரசின் நிர்வாகச் செயல்பாடுகளைக் கவனிக்கும் செயலாளர், மாநிலக் கணக்குகளைக் கவனிக்கும் கன்ட்ரோலர், ஆளுநர் நியமிக்கும் ஒரு பொது உறுப்பினர். கொலராடோவில் உறுப்பினர்களை நியமிப்பது மாவட்ட அரசு வழக்கறிஞர். 2017இல் வந்த முதியோர் கொடுமைத் தடுப்புச் சட்டம், ஒவ்வொரு மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலும் முதியோர் நீதிக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. குற்றவாளியைத் தண்டிக்கும் பக்கத்தில் அப்படி ஒருவர் வந்துவிட்டார். காயப்பட்ட அம்மாவுக்குப் பல்செட் வாங்கித் தரும் பக்கத்தில் இன்னும் வரவில்லை. ஒரு நாற்காலி போதும். அது முடியாவிட்டால், 60 வயதைத் தாண்டியவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கும் முன் ஒரு முதியோர் சட்ட வல்லுநர் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற விதியாவது வேண்டும்.

இதை நீங்களும் கேட்கலாம். கலிஃபோர்னிய வாரியத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. நிகழ்ச்சி நிரலை 10 நாளுக்கு முன்பே வெளியிட வேண்டும், பொதுமக்கள் பேசவும் நேரம் உண்டு. போகும்போது அம்மாவின் நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எந்தக் கட்டம் அம்மாவுக்குப் பொருந்தவில்லை என்பதைப் படித்துக் காட்டுங்கள்.